ஒட்டடைக் குச்சியும் கார்பன் மோனாக்சைடும்

வீட்டில் ஒட்டடைக் குச்சி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான மூங்கிலின் ஒரு முனையில் நாரைக் குடுமியாகக் கட்டியிருக்குமே, அதுதான். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நீட்டி, அவற்றின் மேல் குச்சியைப் படுக்க வையுங்கள். ஒரு விரல் இந்தக் கோடியில், இன்னொன்று அந்தக் கோடியில். இனி இரண்டையும் மெதுவாக நெருக்கிக்கொண்டே வாருங்கள். குச்சி விழாது, பயப்பட வேண்டாம். முதலில் ஒரு விரல் வழுக்கும், மற்றது நிற்கும். கொஞ்ச தூரம் போனதும் நின்றது வழுக்கும், வழுக்கியது நிற்கும். இப்படி மாறி மாறி நகர்ந்து இரண்டும் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதுதான் குச்சியின் நிறை மையம்.

விரல்களுக்கு அந்த இடம் எப்படித் தெரிந்தது? மையத்துக்குக் கிட்டே இருக்கும் விரல்தான் அதிகப் பாரம் தாங்குகிறது. பாரம் கூடினால் உராய்வும் கூடும். ஆகவே அது சிக்கிக்கொள்கிறது, தூரத்து விரல் வழுக்கிக்கொண்டு வருகிறது. அது இதைவிடக் கிட்டே வந்துவிட்டால் முறை மாறிவிடும். நாம் எதையும் அளக்கவில்லை, கணக்கும் போடவில்லை.

ஒரு கேள்வி கேட்டுவிட்டு மேலே போகலாம். அந்த இடத்தில் குச்சியை அறுத்து, இரண்டு துண்டுகளையும் தராசில் நிறுத்தால் எது கனம்? சமமாக இருக்கும் என்று சொல்பவர்களே அதிகம். பட்டதாரிகளும் இதில் சேர்த்தி. உண்மையில் குடுமி உள்ள குட்டைத் துண்டுதான் கனம். கைப்பிடிப் பக்கம் எடை குறைவு, ஆனால் அது எட்டி நிற்கிறது. நிறை மையத்தில் சமமாவது எடையும் எடையும் இல்லை. எடையைத் தூரத்தால் பெருக்கி வரும் தொகைகள்தான் சமமாகின்றன. காவடித் தண்டில் ஒரு பக்கம் பாரம் கூடினால், சுமப்பவர் தோளை அந்தப் பக்கம் தள்ளி வைத்துக்கொள்கிறார் அல்லவா, அதே விஷயம்.

இந்தக் குச்சியை ஆயிரக்கணக்கான கோடி மடங்கு சுருக்கினால் ஒரு மூலக்கூறு. பதினோராம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. இயற்பியல் புத்தகத்தில் ஒரு கணக்கு உண்டு. ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறில் இரண்டு அணுக்கருக்களுக்கும் இடையே 1.27 ஆங்ஸ்ட்ராம் தூரம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரை ஆயிரம் கோடியாகப் பங்கு போட்டதில் ஒன்று. குளோரின், ஹைட்ரஜனைப் போல 35.5 மடங்கு நிறை கொண்டது. நிறை மையம் எங்கே?

அணுவை ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்ளலாமா என்ற சந்தேகம் வருவது நியாயம். அணுவின் பருமன் முழுவதும் எலக்ட்ரான்களின் நடமாட்டம்தான். ஆனால் ஓர் எலக்ட்ரான் புரோட்டானில் 1836-ல் ஒரு பங்கு நிறைதான். நிறையில் 99.9 விழுக்காட்டுக்கு மேல் கருவுக்குள் கிடக்கிறது, அந்தக் கருவோ அணுவின் விட்டத்தில் பல பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே புள்ளி என்று கொள்வதில் பெரிய குற்றம் இல்லை. 1.27-ஐ 36.5 பங்காக்குங்கள். ஒரு பங்கு குளோரின் பக்கம், 35.5 பங்கு ஹைட்ரஜன் பக்கம். குளோரினிலிருந்து 0.035 ஆங்ஸ்ட்ராம், ஹைட்ரஜனிலிருந்து 1.235. விடை சரி, மதிப்பெண்ணும் கிடைக்கும்.

எனக்கு மட்டும் அந்த 35.5 உறுத்திக்கொண்டே இருக்கும். ஹைட்ரஜனைப் போல 35.5 மடங்கு கனமான குளோரின் அணு உலகில் ஒன்றுகூட இல்லை. இருப்பவை இரண்டு வகை: 35 நிறையுள்ளது நான்கில் மூன்று பங்கு, 37 நிறையுள்ளது நான்கில் ஒரு பங்கு. 35.5 அவற்றின் சராசரி. ஒரு தெருவில் வீட்டுக்குச் சராசரியாக இரண்டரைப் பிள்ளைகள் என்றால், எந்த வீட்டிலும் அரைப் பிள்ளை இருக்காது. புத்தகக் கணக்கின் விடை, எங்குமே இல்லாத ஒரு மூலக்கூறின் நிறை மையம். நிஜ மூலக்கூறுகளில் இரண்டு விடைகள்: ஒன்றில் குளோரினிலிருந்து 0.0357 ஆங்ஸ்ட்ராம், மற்றதில் 0.0338. வித்தியாசம் 0.0019.

இவ்வளவு அற்பமான வித்தியாசத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். பார்த்தவர் எல்மர் ஐம்ஸ். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1918-ல் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பின அமெரிக்கர். இயற்பியலில் அந்தப் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பின அமெரிக்கர் அவர். (நாவலாசிரியை நெல்லா லார்சனின் கணவர் என்று சொன்னால் இலக்கிய வாசகர்களுக்குச் சட்டென்று விளங்கும்.) ஹைட்ரஜன் குளோரைடு வாயு வழியாக அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, எந்தெந்த அலைகள் உறிஞ்சப்படுகின்றன என்று அவர் அளந்து 1919-ல் வெளியிட்டார். 1.76 மைக்ரோமீட்டர் பக்கத்தில் இருந்த கோடுகளை ஒட்டி, மெலிதாகத் துணைக்கோடுகள் தெரிந்தன. கருவியின் கோளாறு என்று ஒதுக்கிவிட எளிதாக இருந்திருக்கும். 1920-ல் அமெரிக்காவில் லூமிஸும் ஜெர்மனியில் கிராட்சரும் தனித்தனியாக விளக்கம் சொன்னார்கள்: அழுத்தமான கோடு குளோரின்-35, மெலிந்தது குளோரின்-37. இங்கிலாந்தில் ஆஸ்டன் தன் நிறை நிறமாலைக் கருவியில் குளோரினை இரண்டாகப் பிரித்துக் காட்டியதும் ஏறக்குறைய அதே சமயம்தான்.

இதில் நிறை மையத்துக்கு என்ன வேலை? மூலக்கூறு அதிரும்போது ஹைட்ரஜன் மட்டும் ஆடுவதில்லை. இரண்டு அணுக்களும் நிறை மையத்தை நோக்கி வருகின்றன, விலகுகின்றன. மையம் மட்டும் அசையாது. ஹைட்ரஜன் 35 அடி வைத்தால் குளோரின் ஓரடி வைக்க வேண்டும். குளோரின் இன்னும் கொஞ்சம் கனமானால் அந்த ஓரடியும் சற்றுக் குறையும், அதிர்வின் வேகம் மாறும், கோடு நகரும். வெளியிலிருந்து தள்ளாதவரை, உள்ளே எவ்வளவு குதித்தாலும் நிறை மையம் இடம் பெயராது. நியூட்டன் காலத்து விதிதான், மூலக்கூறுக்குள்ளும் அப்படியே செல்லுபடியாகிறது.

இரண்டு அணுவுக்கு மேல் போனாலும் வழி அதேதான். தண்ணீரை எடுங்கள். ஆக்சிஜனிலிருந்து இரண்டு ஹைட்ரஜன்கள் 104.5 பாகைக் கோணத்தில் விரிந்து நிற்கின்றன, ஒவ்வொன்றும் 0.958 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில். முதலில் இரண்டு ஹைட்ரஜன்களையும் மட்டும் பாருங்கள். அவற்றின் மையம் சரியாக நடுவில். அங்கே 2 நிறையுள்ள ஒரே உருண்டை இருப்பதாக வைத்துக்கொண்டால், மிச்சம் ஒரு குச்சிதான்: ஒரு முனையில் 2, மறுமுனையில் 16, நீளம் 0.586. ஒன்பது பங்கில் ஒரு பங்கு ஆக்சிஜன் பக்கம். அதாவது 0.065 ஆங்ஸ்ட்ராம். பென்சீனுக்கு இந்தக் கணக்குகூடத் தேவையில்லை. உளுந்து வடையின் நிறை மையம் ஓட்டையில் இருப்பதுபோல, ஆறு கார்பன்கள் கைகோத்து நிற்கும் வளையத்தின் நட்டநடு வெறுமையில் அது இருக்கிறது. அணு எதுவும் இல்லாத இடத்தில் நிறை மையம் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது.

அம்மோனியாவில் மட்டும் கொஞ்சம் நின்று போகலாம். மூன்று ஹைட்ரஜன்கள் ஒரு தளத்தில், அதற்கு 0.38 ஆங்ஸ்ட்ராம் மேலே நைட்ரஜன். சின்னக் குடை மாதிரி. அடைமழைக் காற்றில் குடை பின்பக்கமாக மடங்கிக்கொள்ளுமே, அதுபோல இந்த மூலக்கூறும் மடங்கி நிமிர்கிறது, நொடிக்கு ஏறக்குறைய 2,400 கோடி முறை. இந்த அதிர்வெண்ணை வைத்துத்தான் சார்லஸ் டவுன்ஸும் அவர் குழுவினரும் 1954-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நுண்ணலையைப் பெருக்கும் கருவியான மேசரை முதன்முதலாக இயக்கினார்கள். புத்தகப் படங்களில், ஹைட்ரஜன்கள் மூன்றும் சாதுவாக உட்கார்ந்திருக்க, நைட்ரஜன் அவற்றுக்கு இடையே புகுந்து மறுபக்கம் போவதாக வரைந்திருப்பார்கள். நிறை மையத்தை அசையவிடாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். நைட்ரஜன் நகர்வது 0.13 ஆங்ஸ்ட்ராம். ஹைட்ரஜன் தளம் நகர்வது 0.63. ஓடி விளையாடுவது பிள்ளைகள்தான். பாட்டி இருந்த இடத்திலேயே கொஞ்சம் நகர்ந்து கொடுக்கிறாள்.

இனிக் கார்பன் மோனாக்சைடு. கார்பன் 12, ஆக்சிஜன் 16, இடையே 1.128 ஆங்ஸ்ட்ராம். 12-க்கு 16 என்பது 3-க்கு 4. நீளத்தை ஏழு பங்காக்கி, மூன்று பங்கை ஆக்சிஜனுக்கும் நான்கு பங்கைக் கார்பனுக்கும் கொடுத்தால் முடிந்தது: ஆக்சிஜனிலிருந்து 0.483, கார்பனிலிருந்து 0.645.

சுத்தியலைச் சுழற்றி எறிந்தால் தலையும் கைப்பிடியும் கன்னாபின்னாவென்று சுற்றும். இரும்புத் தலைக்குக் கிட்டே ஒரு புள்ளி மட்டும், அதாவது நிறை மையம், எறிந்த கல் போகும் சீரான பாதையில் போகும். தனியே மிதக்கும் மூலக்கூறும் சுழன்றால் அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் சுழலும். அதைச் சுழற்றிவிடுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும் அளவுக்குப் பாடநூல் வைத்த பெயர் நிலைமத் திருப்புத்திறன். வாயில் நுழையாத பெயர், கணக்கு சுலபம். ஒவ்வோர் அணுவின் நிறையையும், மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கார்பனுக்கு 4.99, ஆக்சிஜனுக்கு 3.74, மொத்தம் 8.73 அளவில். எடை குறைந்த கார்பன், எட்டி நிற்பதால் அதிகப் பங்கு வாங்கிக்கொள்கிறது. அறுத்த ஒட்டடைக் குச்சியின் கைப்பிடித் துண்டு ஞாபகம் வரலாம்.

மூலக்கூறு தன் இஷ்டத்துக்கு எந்த வேகத்திலும் சுழல முடியாது. குவாண்டம் விதிப்படி அதற்குப் படிக்கட்டுகள் உண்டு. முதல் படியிலிருந்து தரைக்கு இறங்கும்போது ஒரு ரேடியோ அலையை வெளியிடும். அதன் அதிர்வெண்ணைக் கணிக்க, பிளாங்க் மாறிலியையும் மற்ற மாறிலிகளையும் ஒன்றுதிரட்டிய 1010.76 என்ற எண்ணை நிலைமத் திருப்புத்திறனால் வகுத்தால் போதும். விடை கிகாஹெர்ட்ஸில் வரும். நம் கணக்கில் 115.8. ஆய்வகத்தில் அளந்தது 115.271. அரை கிகாஹெர்ட்ஸ் பிசகுக்குக் காரணம், பிணைப்பு இரும்புக் கம்பிபோல விறைத்து நிற்காததுதான். மிகக் குறைந்த ஆற்றலிலும் அது அதிர்ந்துகொண்டே இருப்பதால், நாம் எடுத்துக்கொண்ட நீளத்தைவிடத் துளி நீண்டதுபோல நடந்துகொள்கிறது.

இந்த 115.271-ஐத் தேடி 1970-ல் மூன்று பேர் அரிசோனாவின் கிட் பீக் மலையில் இருந்த 36 அடித் தொலைநோக்கியை ஓரியன் நெபுலாவை நோக்கித் திருப்பினார்கள்: வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ். பெருவெடிப்பின் மிச்ச வெப்பத்தை முன்பே கண்டுபிடித்து, 1978-ல் அதற்காக நோபல் பரிசு வாங்கியவர்கள்தான் இவர்களில் வில்சனும் பென்சியாஸும். அலை பளிச்சென்று கிடைத்தது. விண்மீன்கள் பிறக்கும் குளிர்ந்த மேகங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறுதான். ஆனால் அதன் இரண்டு முனைகளும் ஒன்றுபோல இருப்பதால், இப்படிச் சுழற்சியில் ரேடியோ அலை எழுப்பும் வழி அதற்கு இல்லை, ஊமை. ஏறுமாறான கார்பன் மோனாக்சைடு அதற்காகவும் சேர்த்துப் பேசுகிறது. நம் பால்வீதியில் மேகங்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்ற வரைபடத்தில் பெரும்பகுதி இந்த மூலக்கூறின் தயவால் வரைந்தது.

இதுவரை நீளம் தெரிந்து மையத்தைக் கண்டுபிடித்தோம். நீளமே தெரியாவிட்டால்? மூலக்கூறின் அருகே அளவுகோல் வைத்தவர் யாரும் இல்லையே, அந்த 1.128-ஐ யார் சொன்னார்கள்?

இங்கேதான் ஐசோடோப்புகள் உதவிக்கு வருகின்றன. பூமியில் கார்பன் அணுக்களில் நூற்றுக்கு ஒன்று 12-க்குப் பதில் 13 நிறையுள்ளது. ஆக்சிஜனில் ஐந்நூற்றுக்கு ஒன்று 18. வேதியியலில் இரண்டும் ஒன்றுதான். பிணைப்பு நீளம் மாறாது, வடிவம் மாறாது. நிறை மட்டும் கூடும், மையம் நகரும், சுழற்சி மந்தமாகும். கார்பன்-13 போட்டால் அலை 110.201 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. ஆக்சிஜன்-18 போட்டால் 109.782.

இந்த மூன்று எண்களையும் அணுக்களின் நிறைகளையும் தவிர நமக்கு எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டு, கால்குலேட்டரை எடுங்கள். 1010.76-ஐ மூன்றாலும் வகுத்தால் நிலைமத் திருப்புத்திறன்கள் 8.7685, 9.1720, 9.2070. கார்பனில் ஒன்று கூட்டியதற்கு ஏற்றம் 0.4034. ஆக்சிஜனில் இரண்டு கூட்டியதற்கு 0.4384. கூட்டிய நிறை இரட்டிப்பு, ஏற்றமோ அப்படி ஒன்றும் கூடவில்லை. இதிலிருந்தே ஆக்சிஜன் மையத்தை ஒட்டி இருக்கிறது என்று ஊகித்துவிடலாம்.

எவ்வளவு ஒட்டி? ஓர் அணுவில் நிறை கூட்டினால் ஏற்படும் ஏற்றம், கூட்டிய நிறையை அந்த அணுவின் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கியதுதான், ஒரு சின்னத் தள்ளுபடியோடு. நிறை கூடியதும் மையம் அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது அல்லவா, அதற்கான தள்ளுபடி அது: பழைய மொத்த நிறையைப் புதிய மொத்த நிறையால் வகுத்துப் பெருக்க வேண்டும். கார்பனுக்கு, கூட்டிய நிறையைத் துல்லியமாக 1.003 என்று எடுத்து 28/29-ஆல் பெருக்கினால் 0.9684. அதனால் 0.4034-ஐ வகுத்தால் 0.4166. வர்க்கமூலம் 0.645. ஆக்சிஜனுக்கு 2.004-ஐ 28/30-ஆல் பெருக்கினால் 1.870, 0.4384-ஐ அதனால் வகுத்தால் 0.2344, வர்க்கமூலம் 0.484.

இரண்டையும் கூட்டினால் 1.129. பிணைப்பு நீளம் கைக்கு வந்துவிட்டது. ஒன்றை மற்றதால் வகுத்துப் பாருங்கள்: 1.333. அதாவது 16/12. காவடித் தண்டின் விதியை இந்தக் கணக்கில் நாம் எங்குமே திணிக்கவில்லை. மூன்று ரேடியோ அலைகள் தாமாகவே அதைச் சொல்லிவிட்டன. இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த அன்று, கால்குலேட்டரில் தவறாக அழுத்திவிட்டேனோ என்று இரண்டு முறை திரும்பப் போட்டேன்.

பெரிய மூலக்கூறுகளுக்கும் பொருந்தும்படி இந்த வழியைச் சமன்பாடுகளாக எழுதி, கிரைச்மன் 1953-ல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ் இதழில் வெளியிட்டார். ஒவ்வோர் அணுவாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் சுழற்சியை அளந்தால், நிறை மையத்திலிருந்து ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். நுண்ணலை நிறமாலை ஆய்வாளர்களிடம் இன்றும் புழக்கத்தில் இருக்கும் வழி.

ஆனால் இதற்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு, அது நிறை மையமேதான். கார்பன் டை ஆக்சைடில் கார்பன் நட்டநடுவில், சரியாக நிறை மையத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதை 12-லிருந்து 13 ஆக்கினாலும் நிலைமத் திருப்புத்திறனில் ஒரு மாற்றமும் இல்லை, ஏனென்றால் தூரம் பூஜ்யம். ராட்டினத்தின் நடுத்தண்டில் ஒரு குண்டு ஆள் ஏறி நின்றால் சுற்றுபவருக்குத் தெரியவே போவதில்லை; விளிம்பில் ஏறினால்தான் தெரியும். சமச்சீரான மூலக்கூறில் இது சங்கடமே இல்லை. தூரம் பூஜ்யம் என்று வந்தால் அதுவே விடை.

சங்கடம் நைட்ரஸ் ஆக்சைடில். அறுவைச் சிகிச்சையில் மயக்கத்துக்குக் கொடுக்கும் சிரிப்பு வாயு. கார்பன் டை ஆக்சைடைப் போலவே மொத்த நிறை 44, அதைப் போலவே நேர்கோடு. ஆனால் வரிசை நைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், இடைவெளிகள் 1.128, 1.184 ஆங்ஸ்ட்ராம். நிறை மையம் நடு நைட்ரஜனுக்கு மிக அருகே, 0.07 ஆங்ஸ்ட்ராம் ஆக்சிஜன் பக்கமாகத் தள்ளி விழுகிறது. வர்க்கம் எடுத்தால் 0.005. நடு நைட்ரஜனை 14-லிருந்து 15 ஆக்கினால் வரும் ஏற்றம் அவ்வளவே. பிணைப்புகளின் ஓயாத அதிர்வு கிளப்பும் பிசகே இந்த அளவுக்கு வந்துவிடக்கூடும். மையத்தை ஒட்டிய அணுக்களுக்குச் சில சமயம் தூரத்தின் வர்க்கம் குறை எண்ணாகக்கூட வந்து நிற்கும். வர்க்கமூலம் எடுக்கவே முடியாது. அணு இருக்கிறது, கணக்கோ அது கற்பனை எண் தூரத்தில் இருப்பதாகச் சொல்கிறது.

இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி எளிமையானது. அணு மையத்தின் மேல் இருக்கிறது என்றால், முதலில் மையத்தை நகர்த்து. ஓரத்து ஆக்சிஜனை 18 ஆக்கிய மூலக்கூறை அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். ஒட்டடைக் குச்சியின் குடுமியில் இன்னும் கொஞ்சம் நார் கட்டியதுபோல, மையம் ஆக்சிஜன் பக்கம் இழுபடுகிறது. நடு நைட்ரஜன் இருந்த இடத்திலேயே இருக்க, மையம் அதைவிட்டு 0.12 ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குப் போய்விடுகிறது. வர்க்கம் 0.014, முன்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. அதற்குப் பிறகு நடு நைட்ரஜனை 15 ஆக்கி, மறுபடி அளக்கிறார்கள்.